ரத்தம் உறையாத மாத்திரையை "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊரில், இதய வால்வு மாற்றிய ஒரு அக்காவுக்கு நேர்ந்தது இது. கடை இன்னது என்று சொல்லப் போவதில்லை. ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

மதுரையில் அவருக்கு எழுதிக் கொடுத்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் 2 மில்லிகிராம், இரவு ஒன்று. ஊர்க் கடையில் 2 இல்லை. கடைக்காரர் 4 மில்லிகிராம் அட்டையை எடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, ஒரே கம்பெனி" என்று நீட்டியிருக்கிறார். பாதியாக உடைத்துப் போடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பில்லும் தரவில்லை. சில நாளில் மூட்டுவலி என்று போனபோது அதே கடையில் டைக்ளோஃபெனாக் ஊசி இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றி வீங்கியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. "சூடுதான், இளநீர் குடிங்க" என்றார்கள். அதை நம்பியதில் இன்னும் நாள் வீணானது. ராமநாதபுரத்தில் சேர்த்தபோது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 8-ஐத் தாண்டியிருந்தது.

மாத்திரை சாப்பிடாதவருக்கு ஐ.என்.ஆர். ஏறக்குறைய 1. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் படபடப்பு நோய்க்காகச் சாப்பிடுபவருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5. ஐந்தைத் தாண்டினால் எங்கே வேண்டுமானாலும் கசியலாம். இறக்குவதும் எளிதில்லை. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி அளவு மீறினால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு மில்லிகிராம் வித்தியாசத்தைக்கூட டாக்டர்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அசிட்ரோமில் 1, 2, 3, 4 என்று பல அளவுகள் உண்டு. அட்டையில் மருந்தின் பெயரைப் படித்தால் போதாது, பக்கத்தில் உள்ள எண்ணையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் பழைய காலி அட்டையைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கலாம். கடைக்காரர் அட்டையை வெட்டித் தருவதாக இருந்தால், எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் எதுவும் கூடாது. அவை வயிற்றைப் புண்ணாக்கும். உறையாத ரத்தம் அந்தப் புண் வழியாக வெளியேறும். பாரசிட்டமால் போடலாம், அதையும் தொடர்ந்து நாள்கணக்கில் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு ஃபுளுகோனசோல், சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கோட்ரைமாக்சசோல் என்று கடையில் சாதாரணமாகக் கொடுப்பவையும் வேகமாக ஏற்றிவிடும். டி.பி.க்கான ரிஃபாம்பிசின் எதிர்ப்பக்கம், ஐ.என்.ஆரைத் தரைமட்டமாக்கும். யார் எது கொடுத்தாலும், "நான் அசிட்ரோம் சாப்பிடுறேன்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும். சதையில் ஊசி வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் கே இருக்கிறது என்று முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுபவர் எப்போதும் இரண்டு நாளே சாப்பிடட்டும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் எண் தடுமாறும். மாத்திரையை ஒரு நாள் மறந்தால், அன்று இரவுக்குள் நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கடலுக்குப் போகிறவர் அன்றைய மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் கொண்டுபோகட்டும். நோன்பு வைப்பவர் நோன்பு திறந்த பிறகு தினமும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளலாம், விடக் கூடாது.

பரிசோதனைக் கூடத்திலும் ஏமாறுகிறார்கள். ஐ.என்.ஆர். டெஸ்ட்டுக்கு வெளிர் நீல மூடிக் குழாய்தான். உள்ளே ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் இருக்கும். அதற்கு ஒன்பது பங்கு ரத்தம், குழாயில் போட்டிருக்கும் கோடு வரை நிரம்ப வேண்டும். "நரம்பு கிடைக்கல" என்று பாதியோடு நிறுத்தினால் திரவம் அதிகமாகி ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து காட்டும். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், வால்வில் ரத்தம் கட்டும். கோடு வரை நிரம்பவில்லை என்றால் இன்னொரு குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய ஆன வினாடி மட்டும் போட்டு ஐ.என்.ஆர். போடாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

"டெஸ்ட்டே வேண்டாத புது மாத்திரை இருக்கு" என்றும் சொல்வார்கள். ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் நல்ல மருந்துகள்தான். உலோக வால்வு உள்ளவருக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவருக்கும் அவை ஆகாது. 2012-ல் உலோக வால்வுக்கு டாபிகாட்ரானைச் சோதித்தபோது பாதிப்பு கூடியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

கறுப்பு மலம், கோலா நிறச் சிறுநீர், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், மணிக்கு ஒரு நாப்கின் நனையும் தீட்டு, திடீரென்று வரும் கடும் தலைவலி: இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். படகில் வழுக்கித் தலை அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூளைக்குள் மெல்லக் கசிவது முதலில் தெரியாது. வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல், படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை ரத்தம் கட்டியதன் அடையாளமாக இருக்கலாம். ராத்திரியில் நெஞ்சில் கேட்கும் வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினாலும் அன்றே காட்டுங்கள்.

சீட்டில் எழுதியதை டாக்டரைக் கேட்காமல் மாற்ற மருந்துக்கடைக்கு உரிமை இல்லை. கடையில் ஊசி போடவும் அனுமதி கிடையாது. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இரண்டுக்கும் மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) போட்ட பில்லும், அந்த அட்டையும், சீட்டின் நகலும் தேவை. அந்த அக்காவிடம் பில் இல்லாததால், 4 மில்லிகிராம் அட்டையைத் தான் விற்கவே இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.