மூடாக்கா, பசுந்தாள் உரமா?

மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகத் தடுமாறும் இடம் இது. மூடாக்கு என்றால் வைக்கோல், சருகு போன்றவற்றை மண்ணின் மேல் பரப்பி மூடுவது; பசுந்தாள் உரம் என்றால் ஒரு செடியை வயலிலேயே வளர்த்து, பச்சையாக மண்ணுக்குள் மடக்கி உழுவது. இரண்டுமே நல்லவை, ஆனால் செய்யும் வேலை வேறு.

செலவு: மூடாக்குக்கு வைக்கோல், சருகு, அறுவடைக் கழிவு போதும். பசுந்தாளுக்கு விதையும் உழவும் வேண்டும்.

தண்ணீர்: இதில் மூடாக்குதான் என் தேர்வு. வெயில் நேரடியாகப் படாததால் ஈரம் நிற்கும். மழைத்துளி மண்ணை அடித்துக் கிளப்பாது. மேல்மண்ணும் உரமும் ஓடைக்குப் போய்ச் சேர்வது குறையும். பசுந்தாளுக்கோ வளரவே ஈரம் வேண்டும்.

சத்து: பசுந்தாள் செடிகளான தக்கைப்பூண்டும் சணப்பும் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும். பூக்கும் தருவாயில், சுமார் 45 நாளில், மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டில் நார் ஏறி, மட்க நாளாகும். வைக்கோல் மூடாக்கு மெதுவாகத்தான் சத்து தரும். அதை மண்ணுக்குள் உழுதுவிட்டால் மட்கும்வரை நைட்ரஜனை அதுவே இழுத்துக்கொள்ளும், கவனம்.

களை: மூடாக்கு கனமாக இருந்தால் பெரும்பாலும் முளைக்காது.

தோப்பு, காய்கறிப் பாத்தி, தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் மூடாக்கு. இரண்டு பயிருக்கு நடுவே நிலம் ஒன்றரை மாதம் சும்மா கிடக்கிறது, ஈரமும் இருக்கிறது என்றால் பசுந்தாள். சரி, இரண்டுமே முடியுமா? தாராளமாக. பசுந்தாளை மடக்கி உழுதபின், அடுத்த பயிர் ஒரு சாண் வளர்ந்ததும் மூடாக்கு போடுங்கள்; தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் தள்ளி.