குதிகாலில் தண்ணீர் வைத்த செருப்பு: இரண்டரை வருடம் போட்ட பிறகு

நேற்று காசிமேட்டு நண்பன் போன் பண்ணினான். குதிகாலில் குப்பி ஒளித்து வைத்த செருப்பு ஆன்லைனில் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா, நீதான் வருஷக்கணக்கா அதைப் போட்டுட்டு சுத்துறியே என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு அரைமணி நேரம் முன்னால்தான் மூலக்கடையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் இடது கால் செருப்பைக் கொடுத்து, நான்காவது தடவையாக மூடி உட்காரும் இடத்தை ஒட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். "தம்பி, பேசாம இந்த ஓட்டைய அடைச்சிக் குடுத்துட்டா, சும்மா செருப்பா போட்டுக்கினு போவலாமில்ல?" என்று அவர் கேட்டது காதிலேயே நின்றது. அந்தக் கோபத்தை நண்பன் மேல் காட்டிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன், முடிந்தவரை.

எனக்குப் பெரியமேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் அப்பர், அதாவது செருப்பின் மேல்பாகத் தோல் வெட்டுகிற வேலை, பதினேழு வருஷமாக. வீடு வடசென்னை வியாசர்பாடி. செருப்பு என்றால் வெறுமனே காலில் போடுவதல்ல, பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் பர்மா பஜாரில் 2021இல் முதல் ஜோடியைப் பார்த்ததும் வாங்கினேன். பெயர், முத்திரை எதுவும் இல்லாத சரக்கு. குதிகாலுக்குள் பிளாஸ்டிக் குப்பி, அதன் மூடி அடிப்பக்கத்தில், அதாவது ரோட்டைப் பார்த்த மாதிரி. யோசித்துப் பாருங்கள். வாய் வைத்துக் குடிக்க வேண்டிய பொருளின் வாய், வியாசர்பாடி மீன் மார்க்கெட் வாசலில் தேய்ந்துகொண்டு போகிறது. இதை வரைந்தவர் ஒரு நாளாவது அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருப்பாரா?

அந்த ஜோடி போன விதம் வேறு. ஒரு வருஷம் ஆனதும் அடிச்சோல் ரொட்டித்தூள் மாதிரி உதிர ஆரம்பித்தது. மலிவான பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்) சோல் ஈரக்காற்றை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையும், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். நம்ம ஊர்க் காற்று எப்படி என்று சொல்லவே வேண்டாம். இதைத் தொழிலில் இருக்கிற எவரும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், ஆனால் குப்பியைப் பார்த்த ஆசையில் நான் சோலைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, அது போகட்டும்.

2023 ஜூனில் நானே ஒரு ஜோடி செய்தேன். இப்போது காலில் இருப்பது அதுதான். இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றி.

முதலில் அளவு. எல்லாரும் கேட்பது எவ்வளவு பிடிக்கும் என்பதுதான். வெளிநாட்டில் ரீஃப் என்கிற கம்பெனி ட்ராம் என்று ஒரு செருப்பு போட்டது, அதன் குதிகாலில் 3 அவுன்ஸ் குப்பி. கிட்டத்தட்ட 90 மில்லி. நம்ம பக்கம் 90 மில்லி என்றால் உடனே என்ன ஞாபகம் வரும் என்று தெரியும், குவார்ட்டரில் பாதி, ஒரு கட்டிங். என் செருப்பைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். நான் ஒருநாளும் ஊற்றியதில்லை, ஊற்றவும் கூடாது. வளைகிற மாதிரியான மலிவு பிளாஸ்டிக்கில் அதை இளக வைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், சாராயம் அதைத் தண்ணீரைவிட வேகமாகக் கரைத்து எடுக்கும். நாள்பூராவும் காலின் சூட்டில் கிடந்த அதைக் குடிப்பவர் சாராயத்தோடு வேறெதையோ சேர்த்துத்தான் குடிக்கிறார்.

90 மில்லி என்றால் 6 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம், இரண்டரை ஆழம். ஒன்பதாம் நம்பர் செருப்பின் குதிகால் அகலமே ஏழு, ஏழரைதான் வரும். ஆறைக் குடைந்து எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் சுவர் விரல் கனம்கூட நிற்காது. அதனால் நான் 5க்கு 6, ஆழம் 2 என்று குடைந்தேன். ஒரு காலுக்கு 60 மில்லி, இரண்டும் சேர்த்து 120. நான்கு மடக்கு தண்ணீர், அவ்வளவுதான். ஜீவா ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி நிற்கும்போது மே மாதத்தில் அந்த நான்கு மடக்கு என்ன சுகம் என்பது வேறு கணக்கு.

குடுவை வைக்கவில்லை. குழந்தைகளுக்குப் பழக்கூழ் அடைத்து விற்கிற, மூக்கு வைத்த பை இருக்கிறதே, அதைக் கழுவி வைத்தேன். இதில் ஒரு பெரிய நன்மை. கெட்டியான குப்பியில் ஒரு மடக்கு குடித்ததும் அந்த இடத்துக்குக் காற்று வந்துவிடும், அப்புறம் அடிக்கு அடி களக் களக் என்று சத்தம். பை குடிக்கக் குடிக்கச் சுருங்கும், சத்தமே வராது. பர்மா பஜார் ஜோடியோடு நான் லைப்ரரிக்குள் போன அன்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஜோடியில் அந்தத் தொல்லை ஒரு நாளும் இல்லை.

தொல்லை எல்லாம் மூடியில்தான்.

என் எடை 74 கிலோ. நடக்கும்போது குதிகால் தரையில் படுகிற இடம் சுமார் 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ அழுத்தம். கார் டயருக்கு அடிக்கிற காற்றும் ஏறக்குறைய அதே அளவு. அதாவது தண்ணீர்ப் பை மேல் நேராக மிதித்தால் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பொடி மூடி ஒரு கார் டயரை அடைத்து வைக்கிற வேலையைச் செய்கிறது, ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் ஆறாயிரம் தடவை. எந்த வாஷர் தாங்கும்? முதல் மாதத்திலேயே இது புரிந்து, பைக்கு மேலே பாலம் மாதிரி ஒரு நைலான் தகடு போட்டேன். பாரம் தகடு வழியாகச் சுவருக்குப் போகும், பை மேல் படாது. அதுக்கப்புறம் ஒழுகுவது பத்துக்கு ஒன்பது நின்றது. மிச்சம் இருக்கிற அந்த ஒன்றுதான் என் உயிரை எடுக்கிறது.

மூடியைப் பின்பக்கம் வைத்தேன், ரோட்டைப் பார்க்காமல், குதிகாலுக்குப் பின்னால். அங்கே படிக்கட்டு இறங்கும்போது உரசும். வெளிப்பக்கவாட்டில் வைத்தேன், மோட்டார் பைக்கை நிறுத்திக் கால் ஊன்றும்போது அடிவாங்கும். உட்பக்கவாட்டில் வைத்தேன், இன்னொரு கால் செருப்பு தட்டும். மண் உள்ளே போனதும் மரை, அதாவது மூடி திருகுகிற புரி, தேய்ந்துவிடும். மரை தேய்ந்தால் மூடி கால் சுற்று குறைவாக நிற்கும், அந்தக் கால் சுற்றில் ஒரு சொட்டு. ஒரு சொட்டுதானே என்று நினைக்கலாம். அந்த ஒரு சொட்டு இன்சோலுக்குள் போய், இன்சோல் ஊறி, ஒட்டின சொல்யூஷன் விட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மூலக்கடைப் பெரியவரிடம் போய் நிற்க வைக்கிறது. இப்போது மூடிக்கு மேலே ஒரு தோல் மடிப்பு தைத்து, ஜேப்பு மூடி மாதிரி அழுத்துப் பட்டன் வைத்திருக்கிறேன். இது ஐந்தாவது வடிவம்.

உலகத்தில் பெரிய பெரிய ஆட்களில் சிலரே இந்த மூடியைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதலும் எரிச்சலும். 2019இல் அமெரிக்காவில் எம்.எஸ்.சி.எச்.எஃப். என்கிற குழு நைக்கி ஏர் மேக்ஸ் 97 ஷூவின் காற்று அடைத்த சோலுக்குள் யோர்தான் ஆற்றுத் தண்ணீரை ஏற்றி ஜீசஸ் ஷூ என்று 1,425 டாலருக்கு விற்றது. 2022இல் ஹைனெக்கன் பீர் கம்பெனி சோலுக்குள் பீரையே ஊசி போட்டு 32 ஜோடி செய்தது. இரண்டிலும் திரவம் உள்ளே இருக்கும், பார்க்கலாம், குடிக்க முடியாது. மூடியே கிடையாது. மூடி இல்லையென்றால் நானும் அழகாகச் செய்வேன்! குடிக்கிற மாதிரி செய்வதுதான் வேலை, அழுக்குப் படாமல் திறந்து அழுக்குப் படாமல் மூடுவதுதான் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தங்கை எர்ணாவூரில் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் இந்தச் செருப்போடுதான் போனேன். அங்கே வெள்ளத்தில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது, முழங்காலில் கறுப்பாகக் கோடு விழுந்தது. வீட்டுக்கு வந்து தோல் மடிப்பைத் திறந்து பார்த்தேன். மூடிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற அந்த மரைப் பள்ளத்தில், நகக்கண் அளவு இடத்தில், கறுப்பு எண்ணெய் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாய் வைக்கிற இடம் அதுதானே. பையைத் தூக்கிப் போட்டேன், இரண்டு மாதம் செருப்பில் தண்ணீர் வைக்கவே மனசு வரவில்லை. மண்ணெண்ணெய் துணியால் துடைத்த பிறகும் அந்த வாசனை குழியில் இருந்து போகவில்லை, கடைசியில் அடிச்சோலையே மாற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எந்த வெளிநாட்டு வடிவமைப்பாளரும் யோசித்திருக்க மாட்டார். நம்ம ஊரில் செருப்பு எப்போதும் நம்மோடு இருக்காது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது அம்மாவுக்கு மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது. என்னிடம் 120 மில்லி தண்ணீர் இருக்கிறது. எங்கே இருக்கிறது? வாசலில், செருப்பு ஸ்டாண்டில், டோக்கன் என் ஜேப்பில். கோயில், மசூதி, சொந்தக்காரர் வீடு, எங்கள் தெரு கிளினிக்கூடத்தான், எல்லா இடத்திலும் முதலில் கழற்றிவிடுவது செருப்பைத்தான். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா தன் பாட்டிலைக் கொடுத்தார். அம்மாவிடம் பிற்பாடு கேட்டேன், செருப்பில் இருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் குடித்திருப்பாயா என்று. "செருப்புல இருந்து எடுத்த தண்ணியா? மாத்திரையே வேணாம்டா" என்றார். அம்மா சொன்னதில் தப்பு எனக்குத் தெரியவில்லை. அதுக்கப்புறம் பையை இழுத்து எடுக்கிற மாதிரி, மேசை டிராயர் போல மாற்றினேன். கழற்றி ஜேப்பில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகலாம். அதுவும் இப்போதுவரை நான் மட்டும்தான் குடிக்கிறேன், வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அந்த டிராயர் மாற்றத்தால் நடந்த ஒரு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாள் பூராவும் நின்று வெட்டுகிற வேலையில் எனக்குக் குதிகால் வலி உண்டு, காலையில் கட்டிலில் இருந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துகிற மாதிரி இருக்கும். தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கி அதன் மேல் பாதத்தை உருட்டச் சொன்னார் டாக்டர். ஒருநாள் யோசித்து, இரண்டு பையையும் ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்து அரைமணி வெளியே வைத்து, கெட்டி போய் கூழ்ப் பதம் வந்ததும் செருப்புக்குள் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். தகட்டுக்கு மேலே நுரை இன்சோலுக்குப் பதில் மெல்லிய தோல்தான் போட்டிருந்தேன், அதனால் குளிர்ச்சி தடையில்லாமல் ஏறியது. கணேசபுரம் சப்வே தாண்டுகிறவரை என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. குதிகாலில் வலி மங்கிக்கொண்டே வந்து, பெரியமேடு போய்ச் சேரும்போது சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன். சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோல் மரத்துப் போகும். உருகின பிறகு, பத்தரை மணிக்கு, அதையே குடிக்கலாம், இன்னும் சில்லென்று இருக்கும்! ஒன்றரை வருஷமாக வேலை நாள் எல்லாம் இப்படித்தான். குடிக்கத்தான் செய்தேன், கடைசியில் குதிகாலுக்குத்தான் அதிகம் உதவியது.

இங்கேயும் மூடி விடவில்லை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஆரம்பத்தில் இது தெரிந்தும் முழுசாக நிரப்பி வைத்துவிட்டேன், காலையில் பார்த்தால் மூடி நடுவில் கீறல். இப்போது 60க்கு 50தான் நிரப்புகிறேன்.

சரி, நண்பனுக்குப் பதில். வாங்காதே. பாதி விலை இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஆன்லைன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூடி மறுபடியும் அடிப்பக்கத்தில், ரோட்டைப் பார்த்து. சோல் பி.யூ. மாதிரிதான் தெரிகிறது. உன் வீட்டில் இருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருமுறை நடந்தால் போதும், அப்புறம் அதை வாயருகே கொண்டு போக மாட்டாய். தண்ணீர் வேண்டுமென்றால் பத்து ரூபாய்க்கு அரை லிட்டர் பாட்டில் கிடைக்கிறது, கையில் எடுத்துக்கொண்டு போ.

உன் கால் எட்டா ஒன்பதா என்று மட்டும் அனுப்பு. ஒரு காகிதத்தில் நின்று பேனாவால் பாதத்தைச் சுற்றி வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. திங்கட்கிழமை பெரியமேட்டில் சோலுக்கு ஈ.வி.ஏ. நுரை ஷீட் வாங்கப் போகிறேன், என் ஜோடிக்கு எடுக்கும்போது உனக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். ஆறாவது மூடி யோசித்து வைத்திருக்கிறேன், மரையே இல்லாமல், ரப்பர் தக்கை மாதிரி அழுத்தி அடைக்கிறது.