தசையிலா, தோலிலா: ஒரே நாய், இரண்டு ஊசி வழிகள்

மார்கழி முதல் நாள், திங்கட்கிழமை. பால் வாங்கப் போன என் இடது கெண்டைக்காலைத் தெரு நாய் ஒன்று கவ்வியது. அதை விரட்ட ஓடி வந்த எதிர்வீட்டு அண்ணனின் புறங்கையிலும் இரண்டு பல் இறங்கின. இருவருக்கும் ரத்தம் வந்தது. அவர் தெருமுனையைத் தாண்டி இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போய்த் தசையில் ஊசி போட்டுக்கொண்டார். நான் பஸ் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போய்த் தோலில் போட்டுக்கொண்டேன். அடுத்த நான்கு வாரங்களும் எங்கள் திண்ணைப் பேச்சு இதுதான்: யாருடைய வழி சரி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோல் கட்சி. அதற்கான காரணம் பலரும் நினைக்கிற மாதிரி காசு இல்லை.

சுவரொட்டிகளிலேயே இருப்பவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கடித்த இடத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் பரவுவதில்லை. காயத்தில் இருக்கும் நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பு வழியாகவே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் மருத்துவம் ஏறக்குறைய கைவிரித்துவிடும். வைரஸ் நடந்துகொண்டிருக்கும் அந்த இடைவெளியில் நம் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்துவிட வேண்டும். எந்த வழியில் போட்டாலும் ஊசியின் வேலை இதுதான்.

நாயைப் பத்து நாள் கவனித்து, அது நலமாக இருந்தால் ஊசியை நிறுத்திக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. எங்களுக்கு அது வாய்க்கவில்லை. மூன்றாம் நாளே அந்த நாயைக் காணவில்லை. எனவே இருவரும் முழுவதுமாகப் போட்டு முடிக்க வேண்டியதாயிற்று.

அண்ணனுடைய கணக்கு: 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில், ஒரு தடவைக்கு ஒரு முழுக் குப்பி, மேற்கையின் தசையில். மொத்தம் ஐந்து ஊசி. என்னுடைய கணக்கு: 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு கையிலும் 0.1 மில்லி, தோலின் உள்ளடுக்கில். மொத்தம் எட்டுக் குத்து. (ஊசி தொடங்கும் நாள் பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணித் தேதியைக் குழப்பிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் இருவராவது இருக்கிறார்கள்.)

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதான். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு குப்பி. எனக்கு எல்லா நாளும் சேர்த்தே 0.8 மில்லி. “இலவசம் என்பதால் தண்ணீர் காட்டி அனுப்புகிறார்கள்” என்றார்.

உண்மையில் இரண்டும் ஒரே மருந்துதான். செல் வளர்ப்பில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ், உலர்த்திய பொடியாகக் குப்பியில் வருகிறது. அதைக் கரைத்துத் தசையில் ஆழமாகவும் போடலாம், தோலில் மேலாகவும் போடலாம். தோலுக்குக் குறைந்த அளவு போதும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அந்நியனைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்கு இழுத்துச் செல்லும் காவல் செல்கள் தசையைவிடத் தோலில் அடர்த்தியாக இருக்கின்றன. தசையில் போடும் மருந்து காட்டுக்குள் வீசிய கல். தோலில் போடுவது நேராகக் காவல் நிலையத்து வாசலில் வைப்பது. பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தார் உருவாக்கிய இந்த முறைக்கு இந்தியா 2006இல் அனுமதி கொடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு வழிகளையும் ஏற்றுக்கொள்கிறது. பாதுகாப்பில் ஒன்று உயர்த்தி, ஒன்று தாழ்த்தி என்று சொல்வதற்கில்லை.

இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த என் அப்பா சிரித்துக்கொண்டார். அவர் தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கிய தலைமுறை. ஆட்டு மூளையில் வளர்த்த மருந்து அது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கினார். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர் பெற்றது. மூளைத் திசுவே மருந்தோடு உள்ளே போனதால் சிலருக்குப் பக்கவாதம்வரை கொண்டுபோய்விட்டது. 2004 இறுதியில்தான் இந்தியாவில் அதற்கு முழுக்குப் போட்டார்கள். “பதினான்கு நாள் வயிற்றைக் காட்டியவன் நான். நீங்கள் கைக்கும் கைக்கும் சண்டை போடுகிறீர்கள்” என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தோல் பக்கம் சாய்த்தது திறந்த குப்பியின் ஆயுள்.

பொடியைக் கரைத்த பிறகு குப்பியை இரண்டிலிருந்து எட்டு டிகிரி குளிரில் வைத்தாலும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடித்துவிட வேண்டும். கெடாமல் காக்கும் சரக்கு எதுவும் அதில் சேர்ப்பதில்லை. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, கொட்ட வேண்டும். தசையில் போட்டால் இந்தச் சிக்கலே கிடையாது. திறந்தது முழுவதும் ஒரே ஆளுக்குள் போய்விடும். தோலில் போட்டால் 1 மில்லி குப்பி ஐந்து பேருக்கு வரும், அரை மில்லி குப்பி இரண்டு பேருக்கு வரும். அந்த ஐந்து பேரும் அன்றே வர வேண்டும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அரசு மருத்துவமனையின் நாய்க்கடி வரிசை வேறு மாதிரி தெரிகிறது. முதல் நாள் எனக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். நானும் எல்லோரையும்போல முணுமுணுத்தேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் கூட்டம் இருப்பதால்தான் என் கண் முன்னாலேயே குப்பி திறக்கப்படுகிறது, பத்து நிமிடத்தில் காலியாகிறது, அடுத்தது திறக்கப்படுகிறது. பழைய குப்பி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வாரத்துக்கு ஒரு நாய்க்கடி வருகிற சிறிய கிளினிக்கில் இது நடக்காது. அங்கே எனக்கு 0.2 மில்லி போட்டால் மிச்சத்தை என்ன செய்வார்கள்? நேர்மையான மருத்துவர் கொட்டுவார், ஆனால் முழுக் குப்பிக்கும் காசு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காசுக்குத் தசையிலேயே போட்டுவிடலாம். கொஞ்சம் சபலம் உள்ளவர் குளிர்பெட்டிக்குள் மறுபடி வைப்பார். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசை ஊசியே போடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. கூட்டமில்லாத இடத்தில் யாராவது “தோலில் போடுகிறோம், விலை குறைவு” என்றால், குப்பியை எப்போது திறந்தீர்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

அதே கூட்டம்தான் கைப்பழக்கத்தையும் கொடுக்கிறது. தோலில் போடுவது லேசான வேலை இல்லை. இன்சுலின் ஊசியை ஏறக்குறையப் படுக்கை வாட்டில் வைத்து, தோலின் உள்ளடுக்கில் மட்டும் மருந்தைச் செலுத்த வேண்டும். சரியாகப் போனால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும். ஆரஞ்சுத் தோல்போல நுண்குழிகள் தெரியும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். 0.1 மில்லிதான் என்பதால் பிசகுக்கு இடமே இல்லை. ஏழாம் நாள் எனக்கு இது நடந்தது. வலக்கையில் கொப்புளம் எழும்பவில்லை; ஒரு துளி வெளியே வழிந்தது. பயிற்சிக்கு வந்த மாணவி பேசாமல் இருந்தார். பக்கத்தில் இருந்த மூத்த செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது கணக்கில் சேராதம்மா, தள்ளி இன்னொன்று போடு” என்றார். நாளைக்கு ஒரு முறை போடுகிற இடத்தில் இதைக் கவனிக்க யார் இருப்பார்கள்? தோல் ஊசி போட்டுக்கொள்பவர்கள் கொப்புளத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது. தசை ஊசிக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை. பிட்டத்தில் போடாமல் மேற்கையில் (சிறு குழந்தைக்குத் தொடையில்) போட்டால் போதும். அது அந்த வழியின் பலம்தான், மறுக்கவில்லை.

போகிப் பண்டிகையன்று என் 28ஆம் நாள் வந்தது. வரிசையே இல்லை, நானும் ஒரு பள்ளிச் சிறுவனும்தான். எங்கள் இருவருக்காகப் புதுக் குப்பி உடைத்தார்கள். பொங்கல் வைக்கும் அவசரத்தில் வேறு யாரும் வராதிருந்தால் மீதி குப்பைக்குத்தான் போயிருக்கும்.

செலவு: அண்ணனுக்கு மருந்துக்கு மட்டும் ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆனது. எனக்கு பஸ் கட்டணம். நடை: அவருக்கு ஐந்து, எனக்கு நான்கு. இந்த 14ஆம் நாள்தான் அவருக்கு வினையானது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார், அன்றுதான் கிளம்பினார். திரும்பி வந்து மூன்று நாள் தாமதமாகப் போட்டுக்கொண்டார். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. இருந்தாலும் வழி நெடுக அவருக்குச் சரணத்தோடு சேர்ந்து அந்தக் கவலையும் ஓடியது.

தசையா தோலா என்ற சண்டையில் இருவருமே முக்கியமானதொன்றைத் தவறவிட இருந்தோம். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காவலுக்கு, வெளியே தயாரித்த எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்பது இதுதான். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் 20. எனக்கு முதல் நாளே காயத்தைச் சுற்றிப் போட்டார்கள். உயிர் போய் வந்தது. அண்ணனுக்குப் போடவில்லை, போட வேண்டும் என்று அவர் போன இடத்தில் யாரும் சொல்லவும் இல்லை. விரலும் கையும் நரம்பு அடர்ந்த இடங்கள், அங்கே கடிபட்டால் ஆபத்து அதிகம். மூன்றாம் நாள் நான் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் மூத்த செவிலியர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “அந்தச் சாமியை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இதைப் போட மாட்டோம்” என்றார். மதியமே அழைத்துப் போனேன். புறங்கையில் சதை ஏது? அவர் சரணம் சொன்ன சத்தம் மருந்துக் கிடங்குவரை கேட்டது. அவர் போன இடத்தில் சொல்லவில்லை என்பதற்காக எல்லாத் தனியார் மருத்துவமனைகளையும் குறை சொல்ல மாட்டேன். பெரிய இடங்களில் முறையாகவே போடுகிறார்கள். தசை ஊசி மேல் எனக்கிருக்கும் சாய்வின்மையில் இந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தசையில்தான் போட வேண்டும் என்று நானே சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மூட்டுவாதத்துக்கும் மலேரியாவுக்கும் கொடுக்கும் குளோரோகுயின் வகை மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குத் தோல் வழியில் எதிர்ப்பு போதிய அளவு எழாமல் போகலாம் என்ற ஐயம் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு முடிவு செய்யட்டும். ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்களுக்கும் தசை வசதி, எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாமல் நடுவில் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேர்ந்தாலும் அதை ஏற்கிறார்கள், விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. சிறு குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. எட்டுக் குத்துக்குக் கையை அசைக்காமல் காட்டும் குழந்தையை நான் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

வலி? தசையில் இரண்டு நாள் கனத்தது என்றார் அண்ணன். எனக்கு ஒரு வாரம் அரிப்பு. கத்தரிக்காய், கருவாடு சேர்க்கக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் பத்தியம் பேசினார்கள். இரண்டு ஊசிக்கும் அப்படி எந்தப் பத்தியமும் கிடையாது. அவர் மாலை போட்டிருந்ததால் கருவாட்டுப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. என் வீட்டில்தான் தீரவில்லை.

ஊசிச் சீட்டை ரேஷன் அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். முழுவதும் முடித்த ஆளை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே நாள் ஊசி, காயத்துக்குள் போடும் அந்தக் கொடுமையும் தேவையில்லை. தோல் என்றால் ஒரு நாளைக்கு ஒரே குத்து. ஆனால் முன்பு முடித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அண்ணனிடம் அவருடைய சீட்டு எங்கே என்று கேட்டேன். இருமுடிப் பையில் வைத்த ஞாபகம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.