100 சிசியிலிருந்து கிளாசிக் 350க்கு: ஆறு மாத அனுபவம்

ஒன்பது வருடம் 100 சிசி வண்டிதான். திண்டுக்கல்லுக்குள் கடை, வீடு, ஸ்கூல் என்று சுற்ற அது தாராளம். மனைவியை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போன அன்றுதான் மாற்றும் எண்ணம் வந்தது. வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியரை விட்டு மேலே போகவே முடியவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

இப்போது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதே மலைப்பாதையில் மூன்றாவது கியரில் அலட்டாமல் ஏறுகிறது. 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை), அதுவும் 4000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 4000 சுற்று) கிடைப்பதால் ஆக்சிலேட்டரை முறுக்கித் தவிக்க வேண்டியதில்லை. இருவர் போனால் இது பெரிய நிம்மதி.

ஆனால் எடை 195 கிலோ. முதல் வாரமே எங்கள் சந்தில் திருப்பும்போது, பழைய பழக்கத்தில் ஒற்றைக் காலால் தாங்கப் பார்த்துச் சாய்த்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

டெஸ்ட் ரைடில் நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, லேசான சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். முடிகிறதா? அப்படியானால் வாங்கலாம்.

பழைய வண்டியை விற்கவில்லை. பால் வாங்க இன்றும் அதில்தான் போகிறேன்.