கேரிங்ஸ் தத்தெடுப்புத் தளம்: தன்பாலீர்ப்பு இணையர் பார்வையில் ஒரு மதிப்பீடு

ஆதரவற்ற குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (காரா) கேரிங்ஸ் தளத்தில் பதிய வேண்டும். நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தரகர் தேவையில்லை, வரிசை பதிவு மூப்புப்படி நகர்கிறது, கட்டணங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. வீட்டு ஆய்வு அறிக்கைக்கு 6,000 ரூபாய். தனியாக வாழும் பெண்ணுக்கு இது நம்பிப் போகக்கூடிய சேவை. சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கோ, இரண்டு ஆண்களுக்கோ கதையே வேறு.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 5(3) என்ற பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை இல்லாத இணையருக்குக் குழந்தை கிடையாது என்கிறது அது. தன்பாலீர்ப்புத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லாததால் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. 2023 அக்டோபரில், தன்பாலீர்ப்புத் திருமணத்துக்கு ஏற்பு கேட்ட சுப்ரியோ வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் இருவர் இந்தப் பிரிவை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள், மூவர் மறுத்தார்கள். ஆக, இருவரில் ஒருவர் மட்டும் 'தனிநபர்' என்று பதியும் வழிதான் மிச்சம். அதிலும் ஒரு முள். சேர்ந்து வாழும் துணை உள்ள தனிநபரின் விண்ணப்பத்தை ஏற்க வேண்டாம் என்று 2022 ஜூனில் காரா சுற்றறிக்கை விட்டது. வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார், அறைகளைப் பார்ப்பார். அங்கே பொய் எழுதிக் கொடுத்தால் பிறகு அதுவே விண்ணப்பத்துக்கு எமன் ஆகலாம். பதிவுக்கு முன்பே குடும்பநல வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுவது அவசியம்.

யார் பெயரில் பதிவது என்பதை வயது பார்த்து முடிவு செய்ய வேண்டும். தனிநபருக்கு, 2 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் உச்ச வயது 40. 2 முதல் 4 வரை 45. 4 முதல் 8 வரை 50. அதற்கு மேல் 55. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வதால் பெரும்பாலும் இளையவர் பெயரில் பதிவதே நல்லது. ஆண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

ஆவணப் பட்டியலில் மனசைப் பிசைகிற தாள் ஒன்று உண்டு. தனிநபராகப் பதிகிறவருக்கு ஏதாவது நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஒரு உறவினர் கையெழுத்திட்ட உறுதிமொழி. ராத்திரி பால் கரைத்துத் தரப்போகிறவர், காய்ச்சலில் தோளில் போட்டுத் தட்டப்போகிறவர் அதே வீட்டில் இருப்பார். சட்டத்தின் கண்ணில் அவர் உறவினர் இல்லை. வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ சித்தியோ கையெழுத்துப் போட வேண்டும். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய இரண்டாவது பாதுகாப்பை அது தானே விலக்கி வைக்கிறது.

குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையைத் தளத்தில் தங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறியிருந்தால் உடனே திருத்திவிடுங்கள், தகவல் வருவது அவற்றுக்குத்தான். தத்தெடுப்பு ஆணையை இப்போது நீதிமன்றம் தருவதில்லை, மாவட்ட ஆட்சியர் தருகிறார்.

ஆணை வந்த பிறகு, பதிந்தவருக்குப் பெரிய தடை இல்லை. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயரே போதும். துணைக்குத்தான் எதுவும் இல்லை. இரண்டாம் பெற்றோராக அவரைச் சேர்க்கும் வழி நம் சட்டத்தில் கிடையாது. சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் அதைக் காட்டிப் பள்ளிப் படிவத்தில் 'தாய்' என்று இன்னொரு பெயரை எழுத முடியாது.

அதனால் மூன்று தாள்களைத் தனியாகத் தயார் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, பதிந்தவரின் உயில். தனக்குப் பின் துணையே குழந்தையின் பாதுகாவலர் என்று அதில் பெயரோடு இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை, அவர்கள் உயிலால் பலன் பெறுகிறவர்களாக இருக்கக் கூடாது. உயிலைப் பதிவது கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் குழந்தையின் நலனைப் பார்த்தே முடிவெடுக்கும், உயில் அங்கே வலுவான சான்று. இரண்டாவது, துணையின் உயில். அது இல்லாவிட்டால் அவர் சொத்தில் குழந்தைக்குச் சல்லிக்காசு சேராது, பெற்றவர்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ போய்விடும். மூன்றாவது, பள்ளி, மருத்துவமனை, பயணம் மூன்றுக்கும் நோட்டரி கையெழுத்தோடு அதிகாரக் கடிதம். பாதுகாவலர் உரிமையை இது தராது. ஆனால் பதிந்தவர் வெளியூரில் இருக்கும்போது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய துணை வரவேற்பு மேசையில் நீட்ட ஏதாவது வேண்டுமே. இதில் தேதியும் காலவரம்பும் குறிப்பிட்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பியுங்கள். பழைய தேதியிட்ட கடிதத்தைத்தான் முதலில் திருப்பித் தருகிறார்கள்.