மதுரையில் ஓர் இதயப் பரிசோதனைத் திட்டம்: கருவிகளும் குடும்பக் கதையும்

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 4,000 ரூபாய்க்கு வழங்கப்படும் இதயப் பரிசோதனைத் திட்டத்தை நானும் என் தம்பியும் அண்மையில் எடுத்துக்கொண்டோம். எங்கள் தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு வந்ததால், பிள்ளைகள் இருவரும் நாற்பது வயதைத் தொடுமுன் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் வற்புறுத்தியிருந்தார். வெறும் வயிற்றில் எடுக்கப்படும் கொழுப்பு மற்றும் சர்க்கரைச் சோதனைகள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, ஈசிஜி, எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் படம், ஓடுபொறியில் நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனை, மருத்துவர் ஆலோசனை, உணவு ஆலோசகர் சந்திப்பு ஆகியவை இந்தத் திட்டத்தில் அடங்கும்.

சோதனைகள் நடந்த விதத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்கே இரத்தம் எடுத்துவிடுகிறார்கள். எக்கோ அறையில் கூட்டம் இருந்தும் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. டிரெட்மில்லில் ஏற்றுவதற்கு முன், மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் இறுக்கம் தெரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். இரத்தம் கொடுத்த பிறகு கிடைக்கும் இலவசச் சிற்றுண்டியில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் இருந்ததை மட்டும், இதயப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு அளிக்கும் உணவு இதுதானா என்று வியந்தபடியே சாப்பிட்டோம்.

என் முதன்மையான குறை, பதிவு மேசையில் நிரப்பச் சொன்ன படிவத்தைப் பற்றியது. குடும்பத்தில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்களே அதில் இருந்தன. யாருக்கு, எந்த வயதில், எந்த உறவுமுறையில் என்பதற்கு இடமே இல்லை. மருத்துவ வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால்தான் அது இளவயதுக் குடும்ப வரலாறாகக் கணக்கில் கொள்ளப்படும். எண்பது வயதில் மாரடைப்பால் இறந்த தாத்தாவுக்காக 'ஆம்' என்று குறிப்பவரும், தந்தையை அவரது ஐம்பது வயதுக்குள் இழந்தவரும் அந்தப் படிவத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

அதைவிடவும் சிக்கலானது, எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் சாவுகள் நினைவில் வைக்கப்படும் முறை. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில், 'வாயு அடைத்துப் போய்விட்டார்' என்றோ, 'ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை' என்றோதான் பல மரணங்கள் சொல்லப்படுகின்றன. எங்கள் பெரியப்பா நாற்பதுகளில் அப்படித்தான் போனார். அவருக்கு இதய நோய் இருந்ததாக வீட்டில் எவரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அவர் எந்த மருத்துவரிடமும் போனதே இல்லை. படிவத்தின் கேள்வியில் அவர் அகப்பட மாட்டார்.

படிவம் விட்டதை மருத்துவர் பிடித்தார். இந்தத் திட்டத்துக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன் அங்கேதான் கிடைத்தது. அவர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று ஒவ்வொருவராக வரைந்துகொண்டே போனார். இதய நோய் இருந்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, 'அறுபது வயசுக்குள்ள திடீர்னு யாராவது தவறிப்போயிருக்காங்களா?' என்று கேட்டார். பெரியப்பாவின் பெயர் அப்போதுதான் வந்தது. பிறகு, 'அம்மாவும் அப்பாவும் சொந்தமா?' என்றார். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள இந்தப் பகுதியில் இது வெற்றுக் கேள்வி அன்று. பிறப்பிலிருந்தே கெட்ட கொழுப்பை உயர்த்தி வைக்கும் ஒரு மரபுக் கோளாறு உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நெருங்கிய உறவினரிடையே எளிதில் நேரக்கூடியதுபோல், அந்தக் கோளாறு கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரு பக்கத்திலிருந்தும் அது வந்து சேரக் கால் பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே இதயக் குழாய்கள் அடைபடலாம். பெரியவர்களில் எல்டிஎல் எனப்படும் அந்தக் கெட்ட கொழுப்பின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினால் இந்தக் கோளாறை நினைக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். எங்கள் இருவருக்கும் அந்த அளவு இல்லை.

பெற்றோருக்கு இளவயதில் இதய நோய் வந்திருந்தால் பிள்ளைகளின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதைக் கேட்டதும், தம்பி, 'அப்ப நம்ம கையில என்னண்ணே இருக்கு' என்று என்னைப் பார்த்தான். கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் பார்ப்பவன். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருந்து, இரவு கடை அடைத்ததும் பரோட்டாவும் சுக்காவும் சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் ஒரு சிகரெட்டும் பிடிப்பவன். அவனுக்கு மருத்துவர் சொன்ன பதில் மழுப்பலாக இல்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஒன்பது காரணிகளோடு தொடர்புபடுத்தியது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி, உடற்பயிற்சி, மது என்று அவை பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதையும் அதே ஆய்வு காட்டியது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மரபணு ஆபத்து மிக உயர்ந்திருந்தவர்களிடையேகூட, புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியும் நல்ல உணவும் கொண்டு வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ பாதியளவு குறைந்திருந்தது. அது பெரும்பாலும் மேலை நாட்டவரிடம் நடந்த ஆய்வு என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். புகையை விட்ட ஓராண்டுக்குள் அதனால் கூடியிருந்த ஆபத்து ஏறத்தாழ பாதியாகும் என்பது தம்பிக்காகவே சொல்லப்பட்டது.

அறிக்கை கைக்கு வந்தபோது, முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'இயல்பு' என்று அச்சிடப்பட்டிருந்தது. இதை மருத்துவமனை மாற்றியே ஆக வேண்டும். இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதைத்தான் டிரெட்மில் சோதனை காட்டும். குழாயின் உட்சுவரில் படிந்து, திடீரென்று வெடித்து அடைப்பை உண்டாக்கக்கூடிய சிறிய கொழுப்புப் படிவுகளை அது காட்டாது. தம்பியின் இடுப்புச் சுற்றளவு, தெற்காசிய ஆண்களுக்கான வரம்பாகிய 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது; புகைப்பழக்கமும் தந்தையின் வரலாறும் வேறு இருந்தன. அந்த மூன்றும் ஐந்தாம் பக்கத்தில் சிறு எழுத்தில் கிடக்க, பச்சைச் சொல் மட்டும் அவன் கண்ணில் பட்டது. அன்றிரவே அவன் பழைய பரோட்டாக் கடைக்குப் போனான் என்பதில் எனக்கு வியப்பில்லை.

உணவு ஆலோசகர் கொடுத்த அச்சுத்தாள் எந்த ஊருக்காக எழுதப்பட்டதோ தெரியவில்லை. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி என்று பட்டியல் நீள்கிறது. கம்பு, கேழ்வரகு, அகத்திக்கீரை, இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மதுரைச் சந்தைக்கு வரும் மத்தி மீன் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், சால்னாவில் உள்ள கொழுப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று சேரும் உப்பு ஆகியவை பற்றியும் ஒரு வரி இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை எங்கள் வீட்டுத் தட்டில் எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டதற்கு, 'குறைச்சுக்கோங்க சார்' என்பதே பதிலாக வந்தது. ஒரே வீட்டில் வளரும் அண்ணன் தம்பிகள் மரபணுவோடு சமையலையும் பெறுகிறார்கள் என்பதால், இந்தச் சந்திப்பை மருத்துவர் வரைந்த அந்தத் தாளோடு இணைத்திருந்தால் பயன் பன்மடங்காகியிருக்கும்.

மற்றொரு குறை, இரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்புத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற சோதனை இத்திட்டத்தில் இல்லாதது. அதன் அளவு பெரும்பாலும் மரபால் தீர்மானிக்கப்படுவதாலும், உணவாலும் நடையாலும் அதிகம் மாறாததாலும், வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும். குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு அவசியமான இதைத் தனிக் கட்டணம் கட்டித்தான் செய்தோம். அதையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே சொன்னார்கள்.

குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ உள்ளவர்களுக்கு, அந்த மருத்துவரின் அரை மணி நேரத்துக்காகவே இத்திட்டத்தைப் பரிந்துரைப்பேன். அத்தகைய வரலாறும் அறிகுறிகளும் இல்லாத இளைஞர்கள் இவ்வளவு செலவழித்து டிரெட்மில்லில் ஏற வேண்டியதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. கிராமத்தில் உறவினர் உள்ளவர்கள் மற்றொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதைத் தனியார் மருத்துவமனையில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே விசாரித்து, யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டாலும் மருத்துவரின் மேசையில் அது பயன்படும். மருத்துவர் வரைந்த தாள் கோப்பில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், எழுந்து வருமுன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனைகள் மட்டும் நடக்கின்றன, மூத்த மருத்துவர் வருவதில்லை. ஆகவே வார நாளில் முன்பதிவு செய்வது நல்லது.