எக்ஸ்3-யா, ஜிஎல்சி-யா? நான்கு வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டுக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்3 டீசல் வந்து நான்கு வருஷம் ஆகிறது. 62,000 கி.மீ. ஓடிவிட்டது. மச்சானிடம் மெர்சிடிஸ் ஜிஎல்சி 220டி இருக்கிறது. சேலத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்பதால், வண்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போவது சகஜம். அப்படி அதிலும் எட்டாயிரம் கி.மீ. ஓட்டியிருப்பேன்.

எஞ்சின் கணக்கைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டிலும் 2 லிட்டர் டீசல், 400 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை). எக்ஸ்3-க்கு 190 குதிரைத்திறன், ஜிஎல்சிக்கு 194. ஆனால் கொல்லிமலையில் ஏற்றினால் இரண்டும் முற்றிலும் வேறு வண்டி.

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எக்ஸ்3-ல் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வண்டி வளைவுக்குள் திரும்பிவிடும். பாதி வளைவில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால், பின்சக்கரங்கள் தள்ளுவது இடுப்பில் தெரியும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு என்றாலும் சாதாரணமாகப் பின்பக்கத்துக்கே அதிகம் போகிறது, அதுதான் காரணம். ஏறக்குறைய 1.8 டன் எடையுள்ள வண்டி என்பதே பத்தாவது வளைவுக்குள் மறந்துவிடும். எனக்கு இந்த வண்டியை அவ்வளவு பிடித்துப்போனது இந்த ஒன்றுக்காகத்தான்.

ஜிஎல்சி அவசரப்படாது. ஸ்டீயரிங் லேசு, வளைவில் கொஞ்சம் சாய்ந்து பிறகு நிலைக்கு வரும். மலையில் ஓட்டுவதற்கு எனக்கு அது போதவில்லை. ஆனால் நாமக்கல் ரோட்டில், பாலத்து இணைப்புகள் மேல் அது போகிற பதம் இருக்கிறதே, அப்படி ஒரு சொகுசு!

அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. எக்ஸ்3-ல் பின்சீட்டில் உட்கார்ந்தால், ஒவ்வொரு பள்ளத்துக்கும், தலைக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். சஸ்பென்ஷன்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பாதிக்கு மேல் காரணம், வண்டியில் இருந்த ரன்-ஃப்ளாட் டயர். அது காற்றே இல்லாமலும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், அதற்காக அதன் பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்கிறார்கள். அந்த விறைப்பு அப்படியே சீட்டுக்கு வருகிறது.

38,000 கி.மீ.யில் டயர் தேய்ந்தபோது, சாதாரண டியூப்லெஸ் போட்டேன். பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப் இரண்டும் டிக்கியில் எப்போதும் இருக்கும். ஸ்டீயரிங்கின் கூர்மை கொஞ்சம் குறைந்தது உண்மை, எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த பயணத்தில் ராசிபுரம் வரைக்கும் அம்மா கைப்பிடியைத் தேடவே இல்லை.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் வேண்டாம், உங்கள் தெருவுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேகத்தடை, தோண்டி மூடிய பள்ளம் எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். அப்புறம் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, அதே தெருவில் பின்சீட்டில் உட்கார்ந்து இன்னொரு சுற்று வாருங்கள்.